விருந்தினரின் கண்கள்

நுழையும்முன்

பிறருக்கு உதவுதல் உயர்ந்த பண்பு. உலகின் பல பகுதிகளிலிருந்தும் தன்னார்வலர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய கானாவிற்குச் செல்கின்றனர். கற்பிக்கவும் மருத்துவப் பணிக்குத் துணைநிற்கவும் குடிநீர் வசதி ஏற்படுத்தவும் செல்லும் அவர்கள், அங்கே கால்வைக்குமுன் அறிய வேண்டியவை எவை? ஒரு நாட்டை அறிதல் என்பது அதன் தலைநகரையும் பரப்பளவையும் மனனம் செய்வது மட்டும்தானா? இவ்வினாக்களை இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

காணாத கண்கள்

அயலாரின் கண்கள் பெரியவை. ஆயினும் அவை ஊரைக் காண்பதில்லை என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் பழமொழி. புதிதாக ஓர் ஊருக்கு வருபவர் எல்லாவற்றையும் வியப்புடன் நோக்குகிறார். வீட்டைக் காண்கிறார், அவ்வீட்டுக்குள் யார் சொல்லுக்கு யார் செவிசாய்க்கிறார் என்பதைக் காண்பதில்லை. சந்தையைக் காண்கிறார், அதன் ஒழுங்கைக் காப்பவர் எவரென அறிவதில்லை. கைக்குழாயைக் காண்கிறார், அது பழுதுற்றால் செப்பனிடுபவர் யார் என்று வினவுவதில்லை.

சுற்றுலாப் பயணிக்கு இக்குறையால் பெருந்தீங்கு நேராது. அவர் சில நாள்களில் ஊர் திரும்பிவிடுவார். உதவ வருபவரின் நிலை வேறு. அவர் பிறர் வாழ்வில் கைவைக்கிறார். ஊரைக் காணாத கண்ணும் விரைந்து செயல்படும் கையும் ஒருவரிடமே அமைந்துவிட்டால், நல்லெண்ணத்தோடு செய்த செயலும் தீங்காய் முடியலாம்.

இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர்களும் இருந்தனர். 1961 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள், 'பீஸ் கார்ப்ஸ்' என்னும் அமெரிக்கத் தன்னார்வலர் அமைப்பின் முதல் அணியினர் கானாவின் தலைநகரான அக்ராவில் வந்திறங்கினர். பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்ற வந்த ஏறத்தாழ 50 பேர் அவர்கள். விமானத்தைவிட்டு இறங்கியதும் அந்நாட்டு மக்கள் பேசும் துவி மொழியில் ஒரு பாடலை அவர்கள் பாடினர். உச்சரிப்பில் பிழைகள் இருந்திருக்கலாம். ஆயினும் கற்பிக்க வந்தவர்கள் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதை அப்பாடல் வரவேற்க வந்தோருக்கு உணர்த்தியது.

நிலமும் காற்றும்

கினி வளைகுடாவின் கரையில் அமைந்த நாடு கானா. மேற்கே கோட் டிவார், வடக்கே புர்க்கினா ஃபாசோ, கிழக்கே டோகோ ஆகிய நாடுகள் எல்லைகளாக அமைய, தெற்கே அட்லாண்டிக் பெருங்கடல் விரிந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 2,38,500 சதுர கிலோமீட்டர். 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 கோடியே 8 இலட்சம். உலகின் நேரத்தைக் கணக்கிட உதவும் முதன்மைத் தீர்க்கக்கோடு, தெமா என்னும் துறைமுக நகரின் வழியே செல்கிறது.

தெற்கே ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம் வரும். வடக்கே ஒரு மழைக்காலமே உண்டு. அம்மழை பொய்த்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். திசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாரா பாலைவனத்திலிருந்து வீசும் வறண்ட காற்றை 'ஹர்மட்டான்' என்பர். நுண்ணிய மணல் வானை மறைக்கும், கதிரவன் மங்கித் தோன்றும், உதடுகள் வெடிக்கும், துவைத்த துணி சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். கொசுக்களால் பரவும் மலேரியா ஆண்டு முழுதும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாதவர் அந்நாட்டினுள் நுழைய இயலாது. தன்னார்வலரின் பயணப் பையில் முதலில் இடம்பெற வேண்டியவை இச்சான்றும் கொசுவலையுமே.

நாட்டின் நடுவே வோல்டா ஏரி பரந்து கிடக்கிறது. 1965 ஆம் ஆண்டு அகோசொம்போ என்னுமிடத்தில் அணை கட்டி முடிக்கப்பட்டபோது உருவான இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளுள் பரப்பளவில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. அணை நாட்டுக்கு மின்னொளி தந்தது. அதே அணைக்காக ஏறத்தாழ 80,000 பேர் தம் ஊர்களைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஏரியைப் படகிலிருந்து நோக்கும் அயலாருக்கு நீரின் அழகு தெரியும். அதன் அடியில் நூற்றுக்கணக்கான ஊர்கள் மூழ்கியிருப்பது, எவரேனும் சொன்னாலன்றித் தெரியாது.

கடல்வழி வந்தோர்

கானாவின் கடற்கரை நெடுகிலும் ஐரோப்பியர் கட்டிய கோட்டைகள் வெண்ணிறச் சுவர்களோடு நிற்கின்றன. அவற்றுள் பழமையானது எல்மினா. போர்த்துக்கீசியர் 1482 ஆம் ஆண்டு அதனைக் கட்டினர். முதலில் அவர்கள் நாடியது பொன்னை. அதனாலேயே அக்கரை 'பொற்கரை' எனப் பெயர்பெற்றது. பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிறரும் வந்தனர். பொன்னுக்குரிய வணிகம் மனிதரை விற்கும் வணிகமாக மாறியது.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலிருந்தும் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்பது வரலாற்றாய்வாளர் மதிப்பீடு. அவர்களுள் பலர் கானாக் கரையின் இருட்டறைகளில் வாரக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டனர். கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண் அடிமைகள் அடைபட்டிருந்த நிலவறைக்கு மேலேயே வழிபாட்டுக்கூடம் ஒன்று அமைந்திருந்தது. மேலே இறைவனைத் தொழுதவர்களின் காலடியில் மனிதர்கள் மூச்சுக்காற்றுக்கு ஏங்கிக் கிடந்தனர். 1807 ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. இக்கோட்டைகள் 1979 ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றிக் காக்கப்படுகின்றன.

இத்துயர வணிகத்தில் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கும் தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரை, குசராத்து, வங்கம் ஆகிய பகுதிகளில் நெய்யப்பட்ட பருத்தித் துணிகள் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்து, மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. மாலத்தீவுக் கடலில் கிடைத்த சோழிகள் அங்கே நாணயங்களாக வழங்கின. கானாவின் இன்றைய நாணயமான 'சீடி' என்பதும் சோழியைக் குறிக்கும் அக்கன் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. தறியில் அமர்ந்து நெய்தவருக்குத் தம் துணி எங்குச் சென்று எதற்கு விலையாயிற்று என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கடல்வழி வருபவர் அனைவரும் நன்மை செய்ய வருபவர் அல்லர் என்பதை அம்மக்களின் வரலாறு அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. அவ்வாறிருந்தும் இன்றுவரை அவர்கள் அயலாரை 'அக்வாபா' என்று நல்வரவு கூறி வரவேற்கின்றனர். இவ்வரவேற்பின் மதிப்பு, கோட்டைகளின் வரலாற்றை அறிந்தவருக்கே விளங்கும்.

பொன் இருக்கை

அறியாமையோடு அதிகாரமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கானாவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அசாந்தி மக்கள் தம் பொன் இருக்கையை இனத்தின் உயிராகவே கருதுபவர்கள். அசாந்தி அரசர்கூட அதன்மீது அமர்வதில்லை. தரையிலும் அதனை வைப்பதில்லை. 1900 ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆளுநர் ஃபிரடெரிக் ஹாட்சன் குமாசி நகருக்கு வந்து, தாம் அமர்வதற்கு அவ்விருக்கையைக் கொண்டுவர வேண்டும் என்று கூடியிருந்த தலைவர்களிடம் கேட்டார். அவர் கண்ணுக்கு அது பொன்னால் ஆகிய ஒரு நாற்காலி. கேட்டிருந்தோருக்கோ அது தம் முன்னோரின் உயிரைக் கேட்பதாக இருந்தது.

எஜிசு என்னும் ஊரின் அரசித்தாய் யா அசந்தேவாவின் தலைமையில் போர் மூண்டது. பலர் மாண்டனர். அசாந்தி நாடு ஆங்கிலேய ஆட்சிக்கு உட்பட்டது. யா அசந்தேவா செசல்சுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1921 ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். எனினும் பொன் இருக்கை ஆங்கிலேயர் கைக்குக் கிட்டவே இல்லை.

பின்னர் 1957 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் நாள் குவாமே நிக்ருமாவின் தலைமையில் நாடு விடுதலை பெற்றது. பொற்கரை என்ற பெயர் நீங்கிக் கானா என்ற பெயர் சூட்டப்பட்டது. அது, இன்றைய மாலி, மௌரித்தேனியா பகுதிகளில் முற்காலத்தில் தழைத்திருந்த ஒரு பேரரசின் பெயர். பிறர் இட்ட பெயரை விலக்கித் தம் கண்டத்தின் பழம்பெருமையிலிருந்து ஒரு பெயரை அம்மக்கள் எடுத்துக்கொண்டனர்.

வணக்கத்தில் தொடங்கும் நாள்

கானாவில் எச்செயலும் வணக்கத்தில்தான் தொடங்கும். கடையில் விலை கேட்பதற்குமுன், அலுவலகத்தில் விண்ணப்பம் நீட்டுவதற்குமுன், வழியில் முகவரி வினவுவதற்குமுன் காலை வணக்கமோ மாலை வணக்கமோ கூறுதல் வேண்டும். பலர் அமர்ந்திருக்கும் அவையில் நுழைபவர் வலப்புறத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வணங்கிக் கைகுலுக்கி வருவார். கொடுப்பதும் பெறுவதும் வலக்கையால் மட்டுமே. இடக்கையை நீட்டுவது அவமதிப்பாகக் கொள்ளப்படும்.

அக்கன் மக்களின் இல்லத்திற்கு விருந்தினர் வந்தால் முதலில் அமர இருக்கை தருவர். அடுத்துப் பருக நீர் தருவர். நீர் அருந்தி இளைப்பாறிய பின்பே, வந்த நோக்கம் என்னவென்று வினவுவர். இதனை 'அமானே' கேட்டல் என்பர். வினவுபவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தாலும் இம்முறை தவறாது. வந்தவர் தம் நோக்கத்தைத் தம் வாயாலேயே அவையறியச் சொல்ல வேண்டும். தன்னார்வலர் ஒவ்வொருவரையும் இவ்வினா எதிர்கொள்கிறது. உதவ வந்தேன் என்று விடைகூறுவது எளிது. யார் கேட்ட உதவி, எத்தனை நாளைக்கு, பின்னர் அதைத் தொடர்பவர் யார் என்பவற்றுக்கும் விடை வைத்திருப்பவரே அமானேக்கு முழுமையாக விடை சொல்லத்தக்கவர்.

சிற்றூர்களில் பணி தொடங்குமுன் ஊர்த்தலைவரைக் காணுதல் மரபு. வெறுங்கையோடு செல்லலாகாது, வடபகுதியில் கோலா கொட்டைகளைக் காணிக்கையாகக் கொடுப்பர். அக்கன் தலைவரிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. 'ஒச்சியாமே' எனப்படும் மொழியாளர், வந்தவரின் சொற்களைத் தலைவருக்கு உரிய முறையில் எடுத்துரைப்பார். தலைவரின் விடையையும் அவரே தெரிவிப்பார். விரைந்து வேலையைத் தொடங்க விரும்பும் இளைஞருக்கு இது காலவிரயமாகத் தோன்றலாம். ஆனால் சொல்லை நிதானமாகக் கையாளும் அவையில்தான் ஒப்புதல் நிலைபெறும். தலைவர் அறியத் தொடங்கிய பணியை ஊர் தன் பணியாக ஏற்கும். அறியாமல் தொடங்கிய பணி, வந்தவரோடே போய்விடும்.

தெரிந்து தெளிவோம்

அக்கன் மக்கள் குழந்தை பிறந்த கிழமையைக் கொண்டு பெயரிடுவர். சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே, பெண் அமா. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. வியாழக்கிழமை பிறந்த ஆண் யாவ், பெண் யா. ஐ.நா. அவையின் பொதுச்செயலாளராக விளங்கிய கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை அவர் பெயரே காட்டும். தன்னார்வலருக்கும் அவர் பிறந்த கிழமையை வினவி ஊரார் பெயர் சூட்டுவதுண்டு.

ஊரோடு வாழ்தல்

கானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். துவி, ஃபான்டி, கா, ஏவே, டக்பானி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே வழங்குகின்றன. ஆங்கிலம் அறிந்தவர் வகுப்பறையில் பாடம் நடத்தலாம். ஆனால் சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணிடமும், குழந்தையைத் தோளில் சாய்த்தபடி மருத்துவ நிலையத்தில் காத்திருக்கும் தாயிடமும் பேச ஆங்கிலம் போதாது. 'மெடாசே' என்று நன்றி கூறத் தெரிந்த அளவிலேயே பல முகங்கள் மலர்ந்துவிடும்.

ஊர்விட்டு ஊர் செல்ல 'டுரோடுரோ' எனப்படும் சிற்றுந்துகள் உண்டு. அக்காலத்து மூன்று பென்சு கட்டணத்தைக் குறித்த சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். குறித்த நேரத்தில் புறப்படுவது அவற்றின் வழக்கமன்று. இருக்கைகள் நிறைந்தால்தான் வண்டி நகரும். காத்திருக்கும் நேரத்தில் தலைச்சுமையோடு வருவோர் சன்னலோரம் நீர்ப்பைகளும் வறுத்த வாழைக்காயும் விற்பர். கடிகாரத்தை நோக்கி வருந்துபவருக்கு அது வீணான நேரம். அருகில் அமர்ந்திருப்பவரோடு உரையாடுபவருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து உரலில் இடித்துச் செய்யும் 'ஃபுஃபு' தென்பகுதி மக்களின் விருப்ப உணவு. நிலக்கடலைச் சாறு அல்லது காரமான இறைச்சிச் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவர். சோளமாவைப் புளிக்கவைத்துச் செய்யும் 'பாங்கு', 'கெங்கே' ஆகியனவும் அன்றாட உணவுகள். உண்டுகொண்டிருப்பவர், அவ்வழியே வருபவரைத் தம்மோடு உண்ண அழைப்பது வழக்கம். உள்ளது ஒரு கிண்ணமே ஆயினும் இவ்வழைப்பு மாறுவதில்லை. கொடுக்க வந்ததாக எண்ணியிருக்கும் தன்னார்வலர் முதலில் பெறுபவராகிறார். பெறக் கற்றவருக்கே, பெறுபவர் நாணாமல் கொடுக்கும் முறை புலப்படும்.

கொடையும் சுமையும்

அக்ராவில் காந்தமாந்தோ என்னும் பெருஞ்சந்தை உள்ளது. செல்வ நாடுகளில் பயன்படுத்திக் கழித்த ஆடைகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து விற்பனையாகின்றன. அவற்றுள் பல, ஏழைகளுக்கு உதவும் எண்ணத்தோடு கொடையாக அளிக்கப்பட்டவை. கானா மக்கள் அவ்வாடைகளை 'ஒப்ரோனி வாவு' என்பர். இறந்துபோன வெள்ளையரின் ஆடை என்பது அதன் பொருள். உயிரோடிருக்கும் ஒருவர் இத்தனை நல்ல ஆடைகளைத் துறந்திருக்க மாட்டார் என்ற வியப்பில் பிறந்த பெயர் அது. இவ்வணிகத்தால் பிழைப்போர் பலர். தையலர் அவற்றைப் பிரித்துப் புத்தாடையாக்குகின்றனர். ஆனால் விற்பனைக்கு ஆகாதவை குப்பையாகி, வாய்க்கால்களை அடைத்துக் கடற்கரையில் கயிறுபோல் திரிந்து கிடக்கின்றன. கொடுத்தவர் தம் அலமாரி காலியான நிறைவோடு இருக்கிறார். அக்கொடையின் முடிவைக் காண்பது அக்ராவின் கடற்கரையே.

ஆடையைவிடக் கவலைக்குரியது குழந்தைகளைப் பற்றியது. ஆதரவற்றோர் இல்லங்களில் சில வாரங்கள் பணியாற்றப் பலர் விரும்பி வருகின்றனர். குழந்தைகளும் அவர்களோடு ஒட்டிக்கொள்கின்றனர். வந்தவர் புறப்பட்டபின் மற்றொருவர் வருகிறார், அவரும் போகிறார். அன்பு காட்டியவர் ஒவ்வொருவரும் பிரிந்துபோவதையே அக்குழந்தை மீண்டும் மீண்டும் கற்கிறது. அத்தகைய இல்லங்களில் உள்ள குழந்தைகளுள் பெற்றோரோ உறவினரோ உள்ளவர்களும் உண்டு. எனவே, குழந்தைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களிடமே சேர்க்கும் கொள்கையைக் கானா அரசு மேற்கொண்டுள்ளது. குழந்தையோடு விளையாடி எடுத்துக்கொண்ட ஒளிப்படம் தன்னார்வலருக்கு இனிய நினைவு. அக்குழந்தைக்குத் தேவையானதோ நாளையும் மறுநாளும் உடனிருக்கும் ஒருவர். இவ்விரண்டின் வேறுபாட்டை உணராத உதவி, உதவுபவருக்கே உதவுகிறது.

ஒரு புழுவை வென்ற கதை

உதவி எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் கானாவே காட்டியிருக்கிறது. நரம்புச்சிலந்தி என்னும் நோய் தேங்கிய நீரைப் பருகுவதால் வருவது. நீரில் வாழும் மிக நுண்ணிய பூச்சி, இந்நோய்ப் புழுவின் இளவுயிரைத் தன்னுள் கொண்டிருக்கும். அந்நீரைப் பருகியவரின் உடலுள் புழு ஏறத்தாழ ஓராண்டு வளரும். ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த பின், பெரும்பாலும் காலின் தோலைத் துளைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவரும். எரிச்சல் தாளாமல் நோயாளி குளத்தில் காலை வைத்தால், புழு எண்ணற்ற இளவுயிர்களை நீரில் விடும். அடுத்த ஆண்டுக்கான நோய் அங்கே விதைக்கப்பட்டுவிடும். உழவுக்காலத்தில் நோய் வந்தால் நிலம் தரிசாகும். பிள்ளைகளின் படிப்பும் நிற்கும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை; குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

1989 ஆம் ஆண்டு கானாவில் ஏறத்தாழ 1,80,000 பேர் இந்நோயால் வருந்தினர். கார்ட்டர் மையம், உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகிய அமைப்புகள் துணைநிற்க, கானா அரசு இந்நோயை ஒழிக்கும் பணியில் இறங்கியது. நிதியும் அறிவும் வெளியிலிருந்து வந்தன. நாள்தோறும் நடக்க வேண்டிய வேலையைச் செய்தவர்களோ ஊராரே. சிற்றூர்தோறும் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் தன்னார்வலராகப் பயிற்சி பெற்றார். பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று, நுண்துளைத் துணியால் நீரை வடிகட்டிப் பருகக் கற்பித்தனர். நோயாளி குளத்தில் இறங்காதபடி காத்தனர். புண்ணைக் கழுவிக் கட்டினர். எந்தக் குளத்தில் யார் நீர் முகக்கிறார், எந்த நேரத்தில் முகக்கிறார் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வழி எளிதாக அமையவில்லை. 2007 ஆம் ஆண்டளவில் வடக்கிலுள்ள சவெலுகு நகரில் குடிநீர் வழங்கல் தடைப்பட்டபோது, தணிந்திருந்த நோய் மீண்டும் பெருகியது. குழாய் அமைத்தால் மட்டும் போதாது, அதில் நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு அனைவருக்கும் நினைவூட்டியது. ஊரார் தளரவில்லை. 2010 ஆம் ஆண்டு மே மாதத்தோடு நோய் நின்றது. 2015 ஆம் ஆண்டு கானா நரம்புச்சிலந்தி அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தியா இதே சான்றினை 2000 ஆம் ஆண்டு பெற்றது. ஒரு துண்டுத் துணியும், அதைப் பயன்படுத்தக் கற்பித்த அண்டை வீட்டுப் பெண்ணும் சேர்ந்து பெற்ற வெற்றி இது.

ஏற்கெனவே நடப்பவர்கள்

அயலார் வரும்வரை கானா மக்கள் கைகட்டிக் காத்திருந்ததில்லை. டெட்டே குவார்சி என்னும் கொல்லர், ஃபெர்னாண்டோ போ தீவில் வேலை செய்து ஊர் திரும்பியபோது 1879 ஆம் ஆண்டு கோகோ விதைகளைக் கொண்டுவந்தார். மாம்பாங் என்னும் ஊரில் அவற்றை நட்டு வளர்த்தார். அவ்விதைகள் சிறு உழவர்களின் கைகளில் பரவின. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் பொற்கரை உலகிலேயே மிகுதியாகக் கோகோ விளைவிக்கும் நாடாயிற்று. உலகெங்கும் குழந்தைகள் சுவைக்கும் சாக்லேட்டில் அவ்வுழவர்களின் உழைப்பு கரைந்துள்ளது.

பட்டப்படிப்பு முடித்த கானா இளைஞர்கள் ஓராண்டு நாட்டுப்பணி ஆற்ற வேண்டும் என்னும் திட்டம் 1973 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. நகரத்தில் பிறந்த இளைஞர் தொலைவிலுள்ள சிற்றூரில் ஆசிரியராவார். தெற்கே வளர்ந்தவர் வடக்கே சென்று தமக்குப் புதிய மொழியைக் கற்பார். அயல்நாட்டுத் தன்னார்வலர் ஒரு பள்ளிக்குள் நுழையும்போது, அங்கே நாட்டுப்பணியாற்றும் இளைஞர் ஒருவர் ஏற்கெனவே சுண்ணக்கட்டியோடு நின்றுகொண்டிருக்கலாம். அவரிடமிருந்து கற்பதும், அவருக்குத் துணையாவதும், அவர் தொடரக்கூடிய ஒன்றை விட்டுச்செல்வதுமே வந்தவரின் பணி. நடந்துகொண்டிருப்பவரோடு சில காதம் உடன் நடக்க வந்திருக்கிறோம் என்று உணர்ந்தவருக்குத் தலைக்கனம் தோன்றாது, தளர்ச்சியும் நேராது.

அரைவழி விடை

அக்கன் மக்களிடம் விடைபெறும் முறையும் வரவேற்பைப் போலவே ஒழுங்குடையது. விருந்தினர் எழுந்து உடனே புறப்பட்டுவிடலாகாது; வழி தருமாறு வீட்டாரிடம் கேட்க வேண்டும். வீட்டார் வழி தருவர். ஆயினும் முழுவழியையும் தருவதில்லை. அரைவழியே தந்தோம் என்பர். எஞ்சிய பாதி, திரும்பி வருவதற்கு உரியது.

பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும் தன்னார்வலர் எல்லாருக்கும் இவ்விடை கிடைக்கும். சொல்லளவில் கிடைப்பதும், உள்ளத்திலிருந்து கிடைப்பதும் வேறு வேறு. வந்தபோது பெரிதாக விரிந்திருந்த கண்கள் இடையில் ஊரைக் காணத் தொடங்கியிருந்தால், குளத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும், அதில் முதலில் நீர் முகக்க வரும் பாட்டியின் பெயரும், அவர் பிறந்த கிழமையும் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்போது அவர் விடைபெறும் ஊர் அவருக்கு அயலூராக இராது.